கைப்பேசியும் பெயர்ப்பற்றும்

நம் கல்லூரியில் மாணாக்கர் மூவர் ஒருங்கு கூடுமிடத்து இக்காலத்தே எழும் வழக்கு இன்னதென்று எடுத்துக் கூற வேண்டுவதில்லை. உண்டிச்சாலையிலும், நூலகத்தின் வாயிற்படியிலும், விளையாட்டு வெளியின் மரநிழலிலும், பெருந்திரை சிறந்ததோ சிறுதிரை சிறந்ததோ, உலோக உடல் நன்றோ பிளாஸ்டிக் உடல் நன்றோ, இந்நிறுவனத்தார் உயர்ந்தவரோ அந்நிறுவனத்தார் உயர்ந்தவரோ என்னும் வினாக்களே ஓயாது ஒலிக்கின்றன. இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். காலத்தை வீணே கழிக்கின்றனர் என்று கடிவாரும் உளர். யாம் அவரோடு உடன்படோம். மாணவன் ஒருவன் நாள்தோறும் தன்னுடன் கொண்டு திரியும் பொருள்களுள் விலைமிக்கது பெரும்பாலும் கைப்பேசியே. அவன் உடுத்த உடையும், சுமந்த நூலும், காலிற் பூண்ட செருப்பும் ஒருங்கு கூட்டினும் அதன் விலைக்கு ஈடாதல் அரிது. அவ்விலைதானும் அவன் ஈட்டியதன்று. ஈன்றோர் உழைப்பின் பயன். ஆதலின் அதனைக் குறித்து வாதிடுதல் இழிவன்று. வாதிடவேண்டிய முறையில் வாதிடாமையே குறை.

இவ்வழக்கை உற்று நோக்குவார்க்கு அதன்கண் மூன்று கூறுகள் விளங்கும். ஒன்று திரையின் அளவு. மற்றொன்று உடலின் உறுதி. மூன்றாவது நிறுவனப் பெயரின்மேற் கொண்ட பற்று. முதலிரண்டும் அளந்தறியத் தக்கன. எனினும் நம்மவர் அவற்றை அளவாமலே பேசுகின்றனர். மூன்றாவதாகிய பற்றினையோ அளவைக்கு அப்பாற்பட்டதென்று கொண்டு, குடிவழி வந்த வழக்கத்தைப் போற்றுவார்போலப் போற்றுகின்றனர். பற்றும் அளந்து வைக்கத்தக்கதே என்பது எம் கருத்து. அது பெயரின்மேற் செல்லற்க. ஒரு பொருள் நமக்கு எத்துணை ஆண்டு உழைக்கும், பழுதுற்றவழி எத்துணை எளிதில் திருந்தும் என்னும் இரண்டின்மேற் செல்க. இதனை முறையே நிறுவ முயல்வோம்.

முதற்கண் திரையைக் காண்போம். 2007ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் முதல் ஐபோனை வெளியிட்டபொழுது அதன் திரை மூன்றரை அங்குலமே. 2011ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனத்தார் 5.3 அங்குலத் திரையுடைய நோட் என்னும் கைப்பேசியைக் கொணர்ந்தனர். இத்துணைப் பெரிய பலகையைக் காதில் வைத்துப் பேசுவார் யாவர் என்று அதனை எள்ளியோர் பலர். மூன்றாண்டு கழிந்து, 2014இல், ஆப்பிள் நிறுவனத்தாரே 4.7 அங்குலத்திற்கும் 5.5 அங்குலத்திற்கும் ஏறினர். இன்றோ ஆறங்குலத்திற்குக் குறைந்த புதுக் கைப்பேசியைக் கடையிற் காண்டல் அரிது. இவ்வரலாற்றைக் கொண்டு, பெருந்திரையே வென்றது என்று ஒருசாரார் முழங்குகின்றனர்.

வென்றது யாது என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் கூறும் அங்குலம் திரையின் அகலமுமன்று, உயரமுமன்று. ஒரு மூலையினின்று எதிர்மூலைவரை செல்லும் கோட்டின் நீளமாகும். முதல் ஐபோனின் திரை அகலம் ஏறக்குறைய 1.94 அங்குலம். 2020ஆம் ஆண்டில் வந்த ஐபோன் 12இன் திரை 6.1 அங்குலம் எனப்பட்டது. அதன் அகலமோ ஏறக்குறைய 2.56 அங்குலமே. மூலைக்கோடு முக்காற்பங்கு பெருகியவழி, அகலம் மூன்றிலொரு பங்கே பெருகிற்று. எஞ்சிய வளர்ச்சி யாவும் உயரத்திற் போயிற்று. மேலும், ஆறங்குலம் என்று ஒன்றுபோற் சொல்லப்படும் இரண்டு திரைகளுள், பதினாறுக்கு ஒன்பது என்னும் பழைய வடிவினதைக் காட்டிலும் இருபதுக்கு ஒன்பது என்னும் நீண்ட வடிவினது பரப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு குறையும். ஆகவே அங்குலத்தை மட்டும் கூறி வாதிடுவோர், பனைமரத்தையும் ஆலமரத்தையும் உயரங்கொண்டு மட்டும் ஒப்பிட்டு நிழலைப் பற்றித் தீர்ப்புக் கூறுவாரை ஒப்பர்.

தமிழ் பயிலும் எம்போல்வார்க்கு இவ்வேறுபாடு வெறுங் கணக்கன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2001இல் நிறுவப்பெற்றுத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவதும் இணையவழி வைத்துள்ள நூல்களைக் கைப்பேசியிற் படியாத தமிழ் மாணவர் இன்று அரியர். ஆசிரியப்பாவின் அடி பெரும்பான்மையும் நாற்சீர் உடையது. அகலங் குறைந்த திரையில், கண்ணுக்கு இசைய எழுத்தைப் பெருக்கியவழி, நான்காஞ்சீர் மடங்கி அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அடிதோறும் முதற்சீரை நோக்கி எதுகை காணும் மாணவன், எஃது அடியின் தொடக்கம், எஃது அடியின் முறிவு என்று மயங்குவன். உ. வே. சாமிநாதையர் பதிப்புக்கள் போன்ற பழைய அச்சுநூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்தவற்றைப் படிக்குங்கால் இடர் இன்னும் மிகும். பக்கத்தை இடமும் வலமும் தள்ளித் தள்ளியே உரையைப் படித்தல் வேண்டும். உயரம் எத்துணை நீளினும் இவ்விடர் தீராது. அகலமே இதற்கு மருந்து.

மறுசாரார் கூறுவதிலும் பொருள் உண்டு. விம்கோ நகரினின்று புறப்படும் மெட்ரோ வண்டியிலோ, கும்மிடிப்பூண்டித் தடத்து மின்தொடர் வண்டியிலோ காலை எட்டு மணிக்கு நின்று வருவார்க்கு ஒரு கை மேற்பிடியைப் பற்றுதற்கே வேண்டும். எஞ்சிய கையின் பெருவிரல் எட்டுமளவே அவர்க்குத் திரை. இருநூறு கிராமுக்கு மேற்பட்ட எடையை ஒரு கையில் ஏந்தி அரைமணி நேரம் படித்தல் எளிதன்று. சிறுகையுடைய மகளிர்க்கு இது பின்னும் அரிது. ஆகவே திரையைப் பற்றிய வழக்கிற்கு யாவர்க்கும் பொருந்தும் ஒரு தீர்ப்பு இல்லை. எத்தொழிலுக்கு, எக்கைக்கு என்று கேட்டே விடை காணல் வேண்டும். இன்னொன்றும் கருதத்தக்கது. சிறுதிரை விரும்புவோர்க்கென 2020இலும் 2021இலும் 5.4 அங்குல ஐபோன்கள் வந்தன. 2022இன் வரிசையில் அவ்வகை இடம்பெறவில்லை. பயன்படுத்துவோர் தேர்ந்தெடுக்கின்றனர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, தேர்வதற்கு எவை எஞ்சும் என்பதை ஆக்குவோரே முடிவு செய்கின்றனர். தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாத நிறுவனத்தின் பெயருக்காக நண்பரோடு முகம் முறித்துக்கொள்வார் இதனை நினைவிற் கொள்க.

இனி உடலின் உறுதிக்கு வருவோம். இவ்விடத்து எம் ஊரைப் பற்றிச் சில சொல்லுதல் பொருத்தமாகும். யாம் வாழும் சாத்தாங்காடு திருவொற்றியூர்க்கு மேற்கே, மணலிக்கு அணித்தே உள்ளது. ஜார்ஜ் டவுன் தெருக்களின் நெருக்கத்தைக் குறைத்தற்பொருட்டு, ஆண்டிருந்த இரும்பு வாணிகத்தை வெளியே கொணரச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தார் அமைத்த இரும்பு எஃகு அங்காடி இங்கேதான் இருக்கின்றது. கம்பியும் தகடும் குழாயும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் வந்து செல்லும் இவ்வூரிற் பிறந்தார்க்கு, உறுதி என்பது விளம்பரச் சொல்லன்று; எடைமேடையிற் காணும் பொருள்.

அங்காடியில் முறுக்குக் கம்பி வாங்குவோர் செய்வதை நோக்குக. ஆக்கியவர் பெயரையும் அவர் கேட்பர். ஆயின் பெயரோடு நில்லார். கம்பியின்மேற் பொறித்த தரத்தைப் பார்ப்பர். 500 என்று பொறித்திருப்பின், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை வரையில் அக்கம்பி நிலையான நீட்சிக்கு இடங்கொடாது தாங்கவேண்டும் என்பது பொருள். பின்னர் எடையைப் பார்ப்பர். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாற் பெருக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோகிராமிற் கிடைக்கும். எழுதப் படிக்க அறியாத சுமைதூக்குவோரும் இவ்வாய்பாட்டின் விடைகளை அறிவர். 12 மில்லிமீட்டர்க் கம்பி 12 மீட்டர் நீளம் இருப்பின் ஏறக்குறையப் பத்துக் கிலோ அறுநூற்று அறுபது கிராம் நிற்றல் வேண்டும். அதனினும் மிகக் குறைந்து நின்றால், எப்பெயர் பொறித்திருப்பினும், வாங்குவோர் திருப்பி அனுப்புவர். வீட்டின் கூரை பெயரால் நிற்பதில்லை, கம்பியால் நிற்பது என்பதை அவர் அறிவர்.

கைப்பேசியை இங்ஙனம் சோதித்து வாங்குவார் எத்துணையர்? உலோகம் என்றவுடன் உறுதி என்றும், கண்ணாடி என்றவுடன் உயர்வு என்றும், பிளாஸ்டிக் என்றவுடன் இழிவு என்றும் கொள்ளுதல் வழக்கமாயிற்று. 2014இல் உலோக உடலுடைய ஐபோன் 6 பிளஸ் சிலருடைய சட்டைப்பையிலும் காற்சட்டைப் பையிலும் வளைந்தமை உலகெங்கும் பேசப்பட்டது. 2016இல் சாம்சங் நோட் 7 மின்கலக் குறையால் தீப்பற்றியமையின், முதலில் திரும்பப் பெறப்பட்டுப் பின்னர் அக்டோபரில் அறவே நிறுத்தப்பட்டது. இரண்டும் தலைமை வாய்ந்த பெயர்களே. மறுபுறம், 2003இல் வந்த நோக்கியா 1100 வெறும் பிளாஸ்டிக் உடலினது. தூசி புகாத விசைத்தளமும், வழுக்காத பக்கங்களும், சிறு கைவிளக்கும் உடையது. அஃது இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றது. முதுகிற் கண்ணாடி பதித்த இக்காலத்துக் கைப்பேசியோ, கம்பியின்றி மின்னேற்றம் பெறும் வசதியும் ஒளியும் உடையதாயினும், படிக்கட்டில் ஒருமுறை விழின் முன்னும் பின்னும் உடையும். அதற்கு அஞ்சி அதன்மேல் ரப்பர் உறை இட்டு மறைத்தபின், அக்கண்ணாடியின் அழகைக் காண்பார் யாவர்?

நீர் புகாத கைப்பேசி என்னும் புகழ்ச்சியையும் ஆராய்தல் வேண்டும். ஐ.பி. 67 என்னும் குறியில், 6 என்பது தூசி அறவே புகாமையைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியிருப்பினும் கேடு வாராமையைக் குறிக்கும். அச்சோதனை புதிய கைப்பேசியை நன்னீரில் இட்டுச் செய்வது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரம் வாழ்வார்க்கு நேரும் சோதனை வேறு. சன்னற் கம்பியையும் மிதிவண்டிச் சங்கிலியையும் அரிக்கின்ற உப்புக்காற்று, கைப்பேசியின் மின்னேற்றும் துளையை மட்டும் விட்டுவைக்குமோ? ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புறத்து ஒட்டும் தளர்வடையும். நீரால் வந்த கேட்டிற்குப் பொறுப்பேலோம் என்று உத்தரவாதச் சீட்டிலேயே எழுதிவிடும் நிறுவனத்தார் பலர். கடற்கரை மாணவர் ஐ.பி. எண்ணை நம்பிப் பெருவிலை கொடுக்குமுன் அச்சீட்டைப் படித்தல் நலம்.

எனின், உண்மையான உறுதி யாது? உடையாமையும் உறுதியே, ஆயின் உடையாத பொருள் உலகத்தில் இல்லை. உடைந்தபின் மீளத் திருந்துதலே முழுமையான உறுதி. இதற்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதும். இரும்பங்காடியிற் கணக்கெழுதும் எம் தந்தையார் கைப்பேசி ஒருநாள் மின்னேற்றம் கொள்ளாதாயிற்று. அதனை ஆக்கிய நிறுவனத்தாருடைய சேவை நிலையத்திற் காட்டியபொழுது, உட்பலகை முழுவதையும் மாற்றவேண்டும் என்று கூறி, புதுக் கைப்பேசியின் விலையிற் பாதிக்கு மேல் கேட்டனர். அந்நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. தந்தையார் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள சிறுகடை ஒன்றிற் கொடுத்தார். கடைக்காரர் துளையைப் பெருக்காடியால் நோக்கி, உப்பரித்த சிறு உறுப்பை மட்டும் கழற்றி மாற்றி, நானூறு ரூபாய் பெற்றுக்கொண்டார். இரண்டாண்டாக அக்கைப்பேசி உழைக்கின்றது. குறை கைப்பேசியில் இருந்ததைவிட, அதனைத் திருத்தலாகாது என்னும் எண்ணத்திலேயே மிகுதியும் இருந்தது.

திருத்தும் எளிமையே பற்றை வளர்க்கும் என்பதற்கு எம் பக்கத்திலேயே பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1955இல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையினின்று புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. இங்கிலாந்தில் 1970ஐ ஒட்டி அந்நிறுவனம் மறைந்தொழிந்தபின்னும், திருவொற்றியூரில் அவ்வண்டி பிறந்துகொண்டே இருந்தது. புல்லட் குறையற்றதன்று. எடை மிக்கது, எண்ணெய் கசியும் வண்டி என்று அதனை விரும்புவோரே கேலி செய்வர். எனினும் அதன்மேற் கொண்ட பற்றுப்போல வேறொரு வண்டியின்மேற் கொண்ட பற்றை நம் நாட்டிற் காண்டல் அரிது. காரணம் யாது? பல பத்தாண்டுகளாக அதன் எந்திரம் பெரும்பாலும் ஓர் அமைப்பிலேயே இருந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக்கு கற்றது அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. மரத்தடியிற் கடை வைத்தவரும் அதனைப் பிரித்துப் பூட்டுவார். தந்தையின் வண்டியை மகன் ஓட்டினான். இப்பற்று விளம்பரத்தால் மட்டும் விளைந்ததன்று; நெடுங்கால உழைப்பால் விளைந்தது.

கைப்பேசியின்மேற் கொள்ளும் பற்று இத்தகையதோ? நம் மாநிலத்தின் அண்மை வரலாறே விடை கூறும். நோக்கியா நிறுவனத்தார் 2005இல் தமிழ்நாட்டு அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு, 2006இல் ஸ்ரீபெரும்புதூரிற் கைப்பேசி ஆக்கத் தொடங்கினர். தொழில் உச்சத்தில் இருந்தபொழுது ஏறக்குறைய எண்ணாயிரவர் அங்கே நேரடியாக வேலை செய்தனர். அவருள் இளமகளிர் மிகப்பலர். அந்நாளில் இந்நாட்டார் நோக்கியாவின்மேற் கொண்ட பற்றை நம் பெற்றோரைக் கேட்டால் அறியலாம். 2014 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் கைக்கு மாறியது. வரி வழக்கிற் சிக்கியிருந்தமையின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை மட்டும் அவ்விற்பனையிற் சேராது தனித்து நின்றது. 2014 நவம்பர் முதல் நாளோடு அங்கே ஆக்கம் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர் இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே பழைய தொழிலாளர் ஆயினர். அக்கட்டடத்தை 2019இல் வேறொரு நிறுவனத்தார் வாங்கி மின்னேற்றிகள் செய்யலாயினர். நோக்கியா என்னும் பெயர் மட்டும் அழிந்திலது. உரிமம் பெற்ற பிறிதொரு நிறுவனத்தின் கைப்பேசிகளில் 2017 முதல் மீண்டும் தோன்றிற்று.

இதனால் அறியக் கிடப்பது யாது? பெயர் என்பது ஒரு சட்டை. ஓருடலினின்று கழற்றி மற்றோருடலுக்கு இடலாம். மோட்டோரோலா என்னும் பெயருடைய கைப்பேசித் தொழில் 2012இற் கூகிள் நிறுவனத்தாரையும், 2014இல் லெனோவா நிறுவனத்தாரையும் அடைந்தது. 2017இல் வந்த ஐபோன் டென்னின் திரையைச் செய்தவர் ஆப்பிளின் போட்டியாளராகிய சாம்சங்கின் கிளை நிறுவனத்தாரே. ஐபோனைப் பூட்டி முடிப்பவரோ பாக்ஸ்கான் முதலிய பிற நிறுவனத்தார். அவர்தம் சுங்குவார்சத்திரத் தொழிற்சாலையில் நம் மாநிலத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். எந்தப் பெயருக்காக நம் நண்பர்கள் உண்டிச்சாலையிற் குரல் உயர்த்துகின்றனரோ, அப்பெயருக்குரியார் தம் எதிரியிடமே உறுப்பு வாங்குகின்றனர். அவர்க்கு இல்லாத பகை நமக்கு எற்றுக்கு? வாங்குவோனிடத்துப் பற்றை வேண்டும் நிறுவனம், ஆக்கித் தந்த தொழிலாளியிடத்தும் பற்றுடையதாய் நிற்கும் என்னும் உறுதி எங்கேனும் உண்டோ?

நிற்க. பெயரால் ஒரு பயனும் இல்லையோ என்று ஒருவர் வினவலாம். அவர் கூற்றை எளிதில் தள்ளுதல் முறையன்று. நெடுநாள் நற்பெயர் எடுத்த நிறுவனம் அதனை இழக்க அஞ்சும். அவ்வச்சம் வாங்குவோர்க்குக் காப்பாகும். மென்பொருளைக் காலந்தோறும் புதுக்கித் தருவதிலும், பழைய கைப்பேசியை விற்குங்கால் வரும் விலையிலும் பெயருக்கு மதிப்பு உண்டு. 2023 அக்டோபரில் கூகிள் நிறுவனத்தாரும் 2024 சனவரியிற் சாம்சங் நிறுவனத்தாரும் தம் உயர்வரிசைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு வரை மென்பொருட் புதுக்கம் தருவோம் என்று வாக்களித்தனர். இது பாராட்டத்தக்கதே. ஆயின் நோக்குக: ஈண்டு நம்மை ஈர்ப்பது பெயரன்று, ஏழு என்னும் எண். அவ்வெண் அதே நிறுவனத்தாரின் குறைந்த விலைக் கைப்பேசிகள் எல்லாவற்றிற்கும் பொருந்துவதன்று. பெரும்பெயரும் பிழைக்கும். முதுமையுற்ற மின்கலமுடைய சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தார் ஒப்பி, வருத்தம் தெரிவித்து, மின்கலம் மாற்றும் கட்டணத்தைக் குறைத்தனர். ஐயுற்று ஆராய்ந்தவர் இருந்தமையினாலன்றோ அவ்வுண்மை வெளிப்பட்டது? பற்றாற் கண்மூடியிருந்தவர் புதுக் கைப்பேசி வாங்கச் சென்றிருப்பர்.

விலையையும் ஆண்டையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வளர்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, அறுபதினாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கைப்பேசியை இரண்டாண்டில் மாற்றுவோன் ஆண்டுக்கு முப்பதினாயிரம் செலவிடுகின்றான். பதினையாயிரத்திற்கு வாங்கி, இடையே மூவாயிரம் கொடுத்துத் திருத்தி, ஐந்தாண்டு பயன்கொள்வோன் ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறே செலவிடுகின்றான். மறுதலையாக, அறுபதினாயிரத்ததை ஏழாண்டு பேணுவோன் செலவும், பதினையாயிரத்ததை இரண்டாண்டில் எறிவோன் செலவும் ஏறக்குறைய ஒத்து வரும். ஆகவே விலையேறியதே நன்று என்பதும் பிழை. விலை மலிந்ததே சிக்கனம் என்பதும் பிழை. ஆண்டே அளவுகோல்.

இவ்வளவுகோலைச் சில நாட்டார் சட்டமாகவே ஆக்கிவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புதுவகைக் கைப்பேசிகளின் மின்கலம் எண்ணூறு முறை ஏற்றி இறக்கியபின்னும் நூற்றுக்கு எண்பது பங்கு ஆற்றல் உடையதாதல் வேண்டும். முதன்மையான மாற்றுறுப்புக்கள் விற்பனை நின்றபின் ஏழாண்டு வரை கிடைத்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2022 சூலையில் நுகர்வோர் நலத்துறையார், பழுதுபார்க்கும் உரிமையைக் குறித்து ஆராயக் குழு ஒன்று அமைத்தனர். ஐரோப்பியனுக்குக் கிடைக்கும் உறுதி நம்மவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்று கேட்பதே, எப்பெயர் உயர்ந்தது என்று கேட்பதினும் மேலான வழக்காகும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் சிறுகடை வைத்துப் பழுது பார்ப்போர்க்கு மெய்யான உறுப்பும் விளக்க ஏடும் கிடைக்குமாயின், அவர் பிழைப்பும் உயரும், நம் செலவும் குறையும்.

செலவினும் பெரிய கேடு ஒன்று உண்டு. அதனைக் கூறாது முடித்தல் தகாது. நம் வகுப்புக்களில் யாம் கண்டது இது. புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னம் முதுகில் உடைய கைப்பேசியை மேசைமேற் கவிழ்த்து வைப்போர் சிலர். சின்னம் தோன்றவேண்டும் என்பது அவர் கருத்து. தம் கைப்பேசியின் முதுகை உள்ளங்கையால் மறைத்து வைப்போர் வேறு சிலர். மீன்பிடி வலையும், சுமைவண்டியும், தையற்பொறியும் ஈட்டிய பொருளைக்கொண்டு கல்லூரிக்கு வந்தவர் அவர். ஓராண்டுத் தவணைக்கு உடன்பட்டு, தங்கை பள்ளிக் கட்டணத்தையும் நெருக்கடிக்கு உள்ளாக்கி, ஒரு சின்னத்தை வாங்குமாறு அவரைத் தூண்டுவது யாது? நிறுவனத்தின் விளம்பரமன்று, நம் நகைப்பே. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தகாது என்று மேடையிற் பேசும் நாம், ஒரு பொறியின் முதுகிலுள்ள சின்னத்தால் உயர்வு தாழ்வு வகுப்போமாயின், நம் கல்வி யாருக்கு?

ஆதலின், மாணவ நண்பர்காள், வாதிடுவதை நிறுத்துமின் என்று யாம் கூறேம். வாதிடுமின், ஆயின் இரும்பங்காடியார்போல அளந்து வாதிடுமின். திரையின் அகலம் எத்துணை, அதனாற் செய்யப்போகும் தொழில் யாது? விழுந்து உடையின் திரை மாற்ற எத்துணை ரூபாய்? மின்கலத்தை நம் தெருக் கடைக்காரர் மாற்ற இயலுமோ? எத்துணை ஆண்டு மென்பொருள் வரும்? இந்நான்கு வினாவிற்கும் விடை பெற்றபின், பெயரை ஐந்தாவதாகக் கேட்டுக்கொள்மின். மூத்த மாணவர் நல்ல நிலையிலுள்ள தம் பழைய கைப்பேசியை இளையார்க்கு நேர்மையான விலைக்கு உதவுக. பௌதிகத் துறையாரும் மின்னணுத் துறையாரும் மனம்வைப்பின், திங்கள்தோறும் ஒருநாள் கல்லூரியிலேயே பழுது பார்க்கும் பயிற்சி நடத்தலாம். கையிலுள்ள பொருளைப் பிரித்து அறிந்தவன் அதன் பெயருக்கு அடிமையாகான். வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நெடுநாள் உழைக்கும் பொருளுக்கு நம் பற்று உரியதாகுக. அதனைத் திருத்தித் தரும் கைக்கும், பூட்டி முடித்த கைக்கும் நம் நன்றி உரியதாகுக.